நீலமும் களிமண்ணும்: மின்சாரம் கடத்தும் ஒரு கலவையின் வரலாறு

அகமதாபாத், வடோதரா, சூரத் என்று இந்தப் பக்கம் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில், சாயம், துணி, மருந்து, ரசாயனம் ஆகிய தொழில்களோடு ஏதாவது ஒரு வகையில் ஒட்டாத வீடு குறைவு. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்த நான் முப்பத்தைந்து வருஷமாக இங்கே களிமண் வியாபாரி. கட்ச் பென்டோனைட், ராஜஸ்தானத்து முல்தானி மண், சீனக்களி ஆகியவற்றை மூட்டைக் கணக்கிலும் லாரிக் கணக்கிலும் வாங்கி விற்பது பிழைப்பு. பள்ளிக்கூடப் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றது. மிச்சமெல்லாம் நூலகத்திலும் ரயிலிலும் உட்கார்ந்து படித்ததுதான்.

கொஞ்ச காலமாக நம் பிள்ளைகள் சிலர் என்னிடம் ஒரு விஷயம் கேட்கிறார்கள். களிமண்ணோடு பாலிமரைச் சேர்த்தால் மின்சாரம் பாயுமாமே, அந்தத் தொழிலில் முதல் போடலாமா என்பது கேள்வி. விற்க வருகிறவர்கள் நீட்டும் தாளில், களிமண் சேர்ந்தால் கடத்துதிறன் கூடும் என்றே அச்சாகியிருக்கிறது. அது சரியா என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வரிக்குப் பின்னால் இருநூறு வருஷ வரலாறு இருக்கிறது. அதில் நம் நாட்டு நீலத்துக்கும் பங்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் தாளில் அச்சானதை எடைபோட யார் துணையும் தேவைப்படாது.

அவுரியிலிருந்து அனிலின்

நம் ஊரில் அவுரி என்று சொல்லும் செடியின் இலையை ஊறவைத்து எடுப்பது நீலச் சாயம். அகமதாபாத்தை அடுத்த சர்க்கேஜ் இந்தச் சாயத்துக்குப் பேர் போன ஊர். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் சர்க்கேஜ் நீலத்துக்காகப் போட்டி போட்டார்கள். இன்றைக்கு ரோஜா பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நீல என்ற நம் சொல் அரபியில் அன்-நீல் ஆகி, போர்த்துக்கீசியத்தில் அனில் ஆயிற்று. 1826ல் ஜெர்மானியரான ஓட்டோ உன்வெர்டோர்பன் நீலத்தைச் சூடாக்கி வடித்து எண்ணெய் போன்ற ஒரு பொருளை எடுத்தார். 1834ல் ரூங்கே நிலக்கரித் தாரில் அப்படி ஒன்றைக் கண்டார். 1840ல் ரஷ்யாவில் இருந்த ஃபிரிட்ஷே நீலத்தைக் காரத்தோடு சேர்த்து வடித்து, கிடைத்ததற்கு அனிலின் என்று பெயர் வைத்தார். எல்லாம் ஒரே பொருள்தான் என்று 1843ல் ஹோஃப்மன் நிரூபித்தார். ஆக, வட்வா பேட்டையில் பீப்பாய் பீப்பாயாக இறங்குகிற அனிலினுக்குள் நம் சொல் ஒளிந்திருக்கிறது. பிறகு 1897ல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் விற்பனைக்கு வந்ததும் நம் அவுரிச் சாகுபடி படுத்துவிட்டது. அது தனிக் கட்டுரைக்கான சோகக் கதை.

ஒரு மருத்துவர் கண்ட பச்சைப் படிவு

1862ல் லண்டன் மருத்துவமனையில் ரசாயனம் கற்பித்துவந்த ஹென்றி லெத்தபி, விஷத்தால் இறந்தவர்களின் உடலில் அனிலினைக் கண்டுபிடிக்க வழி தேடிக்கொண்டிருந்தார். கந்தக அமிலத்தில் அனிலினைக் கரைத்து, பிளாட்டினத் தகடு வைத்து மின்சாரம் பாய்ச்சினார். தகட்டின் மேல் நீலமும் பச்சையும் கலந்த படிவு ஒன்று படிந்தது. அதுதான் இன்று பாலிஅனிலின் என்று சொல்லும் பொருள். அனிலின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாக நீண்டது.

அந்தக் காலத்தில் இதையொத்த கரும் பொருளை அனிலின் கறுப்பு என்று துணிக்குச் சாயமாகவே போட்டார்கள். 1910ல் கிரீன், உட்ஹெட் என்ற இரு ஆங்கிலேயர் இதன் பல நிலைகளைப் பிரித்து, நடு நிலைக்கு எமரால்டின் என்று பெயரிட்டார்கள். எமரால்டு என்றால் மரகதம். அமிலத்தில் மரகதப் பச்சையாகவும் காரத்தில் நீலமாகவும் மாறும் என்பதால் அந்தப் பெயர் பொருத்தம்தான்.

வேடிக்கை என்னவென்றால், மின்சாரத்தில் பிறந்த இந்தப் பொருளே மின்சாரத்தைக் கடத்துமா என்று நூறு வருஷத்துக்கு யாரும் முறையாக அளந்து பார்க்கவில்லை. சாயக்காரருக்கு நிறம் போதும். மருத்துவருக்கு விஷம் தெரிந்தால் போதும். 1960களில்தான் பாரிசில் ஜோசஃபோவிச், புவே ஆகியோர் பாலிஅனிலினின் கடத்துதிறனை முறைப்படி ஆராய்ந்தார்கள்.

களிமண் என்னும் ஏட்டுச் சுவடி

இனி என் சரக்குக்கு வருகிறேன். பென்டோனைட்டின் சாரம் மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம். பிரான்சில் மான்ட்மோரியோன் என்ற ஊரை ஒட்டி 1847ல் வைத்த பெயர் அது. பென்டோனைட் என்ற பெயர் 1898ல் அமெரிக்காவின் ஃபோர்ட் பென்டன் பாறை அடுக்கிலிருந்து வந்தது. நம் கட்ச் மண் தக்காண எரிமலைப் பாறை சிதைந்து உண்டானது. அதனால் அதில் இரும்பு கூடுதல்.

இந்தக் கனிமத்தின் அமைப்பை 1933ல் ஜெர்மனியில் ஹோஃப்மன், எண்டெல், வில்ம் மூவரும் எக்ஸ்-கதிர் கொண்டு விளக்கினார்கள். ஒரு ஏட்டுச் சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஏடும் சுமார் 1 நானோமீட்டர் கனம், அதாவது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. மேலும் கீழும் சிலிக்கா, நடுவில் அலுமினா. நடுவே சில இடங்களில் அலுமினியத்துக்குப் பதில் மக்னீசியம் உட்கார்ந்துவிடுவதால் ஏட்டில் எதிர்மின்னூட்டம் மிஞ்சும். அதை ஈடுகட்ட ஏடுகளுக்கு நடுவில் சோடியம், கால்சியம் அயனிகள் தங்கும். தண்ணீர் புகுந்தால் ஏடுகள் விலகும். பென்டோனைட் உப்புவது இதனால்தான்.

நடுவில் உள்ள அயனியை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம் என்பது இங்கிலாந்தில் விவசாய மண்ணை ஆராய்ந்த தாம்சனும் வேயும் 1850ல் வெளியிட்ட உண்மை. அம்மோனியா உப்பை மண்ணில் ஊற்றினால் அம்மோனியா தங்கிவிடுகிறது, கீழே சுண்ணாம்பு இறங்குகிறது என்று கண்டார்கள். உரம் மண்ணில் நிற்பதற்கு இதுவே ஆதாரம். பின்னால் வரப்போகும் கலவைக்கும் இதுவே வாசல்.

களிமண் தானாக மின்சாரம் கடத்துமா? ஈரமாக இருந்தால் கடத்தும். வீட்டில் எர்த்திங் குழி வெட்டும்போது கம்பியைச் சுற்றி பென்டோனைட் போடுகிறார்களே, அது ஈரத்தைப் பிடித்துவைத்து மின்சாரத்தைத் தரைக்குள் இறக்கும் என்பதால்தான். எண்ணெய்க் கிணற்றிலும் இதே குணம் உதவியது. 1927ல் பிரான்சின் பெஷெல்ப்ரோன் வயலில் ஷ்லம்பெர்ஜே சகோதரர்கள் கிணற்றுக்குள் மின்தடையை அளந்து பாறை அடுக்குகளை அடையாளம் கண்டார்கள். களிப்பாறையின் தடை குறைவாகக் காட்டும். நம் அங்கலேஷ்வர் கிணறுகளையும் அப்படி அளந்துதான் படிக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே ஓடுவது அயனி. அதாவது தண்ணீரில் நீந்தும் உப்புத் துகள். செம்புக் கம்பியில் ஓடுவது எலெக்ட்ரான். களிமண்ணை நன்றாக உலர்த்திவிட்டால் நீந்த இடமில்லாமல் அயனி நின்றுவிடும்; களிமண் நல்ல மின்காப்பாக மாறிவிடும். பீங்கானைக் கம்பத்தில் மாட்டுவது இந்தக் குணத்தைச் சுட்டு நிலைநிறுத்தியதுதான்.

நிறத்தைக் கண்டார்கள், மின்சாரத்தைக் காணவில்லை

1940ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த எர்ன்ஸ்ட் ஹவுசர், லெகெட் என்பவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அனிலின் போன்ற அமீன்கள் களிமண்ணில் பட்டால் நிறம் மாறுகிறது என்பது விஷயம். அதே வருஷம் ஹெண்ட்ரிக்ஸ், அலெக்சாண்டர் இருவரும் பென்சிடின் என்ற அமீன் மான்ட்மோரில்லோனைட்டில் பட்டால் நீலமாகும் என்று காட்டினார்கள். ரொம்ப காலம் களிமண்ணைச் சோதிக்க இந்த நீலத்தையே பயன்படுத்தினார்கள். பென்சிடின் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால், இன்று அதை யாரும் கையில் எடுக்க வேண்டாம்.

ஏன் நிறம் மாறுகிறது? 1968ல் ஆஸ்திரேலிய அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த டேவிட் சாலமன் குழு பதில் சொன்னது. களிமண் ஏட்டில் உள்ள இரும்பும், ஏட்டின் ஓரத்தில் இருக்கும் அலுமினியமும் அமீனிடமிருந்து எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்கின்றன. இதே சாலமன்தான் பிறகு 1988ல் வெளிவந்த ஆஸ்திரேலிய பிளாஸ்டிக் ரூபாய் நோட்டுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர். 1979ல் பெல்ஜியத்தில் குளோஸ் குழுவினர், களிமண்ணில் அனிலின் ஒட்டிக்கொள்வதையும் ஆக்சிஜனேற்றம் அடைவதையும் விரிவாக எழுதினார்கள். பூச்சிமருந்து மண்ணில் என்ன ஆகிறது என்பது போன்ற கேள்விகள் அப்போது முக்கியமாக இருந்தன.

பாருங்கள், களிமண்ணின் ஏட்டுக்குள் அனிலின் போய்விட்டது; எலெக்ட்ரானும் கைமாறிவிட்டது. அப்படியும் அந்த நிறத்துக்குள் ஒரு மின்கம்பி இருக்கக்கூடும் என்று தோன்ற, பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தும் என்று உலகம் முதலில் நம்ப வேண்டியிருந்தது.

பிளாஸ்டிக் கம்பியான கதை

அந்த நம்பிக்கைக்கான முதல் சான்று 1963லேயே வந்துவிட்டது. அதே சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் போல்டோ, மெக்நீல், வெய்ஸ் மூவரும் பாலிபிரோல் என்ற பாலிமர், அயோடின் சேர்ந்த நிலையில் நன்றாகக் கடத்துகிறது என்று ஆஸ்திரேலிய ரசாயன இதழில் எழுதினார்கள். கவனித்தவர் குறைவு.

1967ல் ஜப்பானில் ஹிடெகி ஷிராகவாவின் ஆய்வகத்தில், வினையூக்கியை ஆயிரம் மடங்கு அதிகமாகப் போட்டுவிட்டதால் பாலிஅசெட்டிலீன் பொடியாக வராமல் வெள்ளிபோல் மின்னும் தாளாக வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆலன் மெக்டயர்மிட், ஆலன் ஹீகர் இருவரோடு அவர் சேர்ந்து, அந்தத் தாளுக்கு அயோடின் ஆவி காட்டியபோது கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு கூடியது. 1977ல் இதை வெளியிட்டார்கள். 2000ல் மூவருக்கும் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. பரிசு தகுதியானவர்களுக்குத்தான் போனது. ஆனாலும் 1963ஐயும் 1862ஐயும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுசாகும்.

1980களில் மெக்டயர்மிட் பழைய பாலிஅனிலின் பக்கம் திரும்பினார். நீல எமரால்டின் மின்காப்பு. அமிலம் பட்டுப் பச்சையானதும் கடத்தி. நீல நிலையில் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1 சீமென்சில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு அளவில் நிற்கும். பச்சையில் 1 முதல் 10 சீமென்ஸ் வரை ஏறும். ஒப்பீட்டுக்குச் செம்பு சுமார் 6 லட்சம் சீமென்ஸ். அளவு செம்புக்குப் பக்கத்தில் வராது. ஆனால் மலிவு, காற்றில் நிலைக்கும்.

ஏட்டுக்குள் புகுந்த சங்கிலி

1987ல் அமெரிக்காவில் கனாட்சிடிஸ், மார்க்ஸ் குழுவினர், களிமண்ணைப் போலவே அடுக்கான இரும்பு ஆக்சிகுளோரைடுக்குள் பிரோலையும் அனிலினையும் புகுத்தி அங்கேயே சங்கிலியாக்கினார்கள். அதே காலத்தில் ஜப்பானின் டொயோட்டா ஆய்வகம் நைலானுக்குள் களிமண் ஏடுகளைப் பிரித்துவிட்டு, கொஞ்சம் மண்ணிலேயே பிளாஸ்டிக்கின் பலம் எவ்வளவு கூடுகிறது என்று காட்டியது. 1990ல் மாட்ரிட் நகரில் ரூயிஸ்-ஹிட்ஸ்கி, அராண்டா இருவரும் பாலிஎதிலீன் ஆக்சைடைக் களிமண் அடுக்குக்குள் வைத்து அயனிக் கடத்தியாக ஆக்கினார்கள்.

1990, 1991ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெஹ்ரோத்ரா, கியானெலிஸ் இருவரும் அசல் முயற்சியில் இறங்கினார்கள். களிமண் வகையைச் சேர்ந்த ஃபுளோரோஹெக்டோரைட்டில் சோடியத்தை எடுத்துவிட்டுச் செம்பு அயனியை வைத்தார்கள். உள்ளே புகுந்த அனிலினை அந்தச் செம்பே ஆக்சிஜனேற்றிச் சங்கிலியாக்கியது. பிறகு அமில ஆவி பட்டதும் படலம் கடத்தத் தொடங்கியது. அளந்து பார்த்தால், ஏட்டின் நெடுகே பாயும் மின்சாரம், ஏடுகளுக்குக் குறுக்கே பாய்வதைவிடப் பல மடங்கு அதிகம். பாலிஅனிலின் புகுந்த களிமண்ணில் ஏட்டுக்கு ஏடு தூரம் பொதுவாக 1.3 முதல் 1.5 நானோமீட்டர். ஏட்டின் கனத்தைக் கழித்தால் மிஞ்சும் இடைவெளியில் ஒற்றைச் சங்கிலி படுத்துக்கொள்ளத்தான் இடம். சுவடியின் வரிகள் போல அது ஏட்டோடு ஏடாகக் கிடக்கிறது. மேலே உள்ள வரிக்கும் கீழே உள்ள வரிக்கும் நடுவில் ஒரு மின்காப்பு ஏடு.

எங்கள் சமண நூல்கள் அநேகாந்தம் என்று ஒன்றைப் போதிக்கும். ஒரு பொருளை ஒரு நோக்கில் உண்டு என்றும் இன்னொரு நோக்கில் இல்லை என்றும் சொல்லலாம், இரண்டும் மெய் என்பது அதன் சாரம். இந்தப் படலம் கடத்துமா என்று யாராவது கேட்டால், எந்தத் திசையில் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

இந்தியாவில் முகுல் பிஸ்வாஸ், சுப்ரகாஷ் சின்ஹா ராய் இருவரும் 1998 முதல் 2000 வரை பாலிபிரோல், பாலிஅனிலின் ஆகியவற்றை மான்ட்மோரில்லோனைட்டோடு சேர்த்து, தண்ணீரில் படியாமல் மிதந்து நிற்கும் கலவைகளைச் செய்தார்கள். பாலிஅனிலின் எளிதில் எதிலும் கரையாது என்பதால், பூசுகிறவருக்கு இது பெரிய வசதி.

கூடுமா, குறையுமா?

இப்போது அந்த ஒரு வரிப் பதில். மான்ட்மோரில்லோனைட் சேர்த்த கலவையின் கடத்துதிறன், தனிப் பாலிமரைவிடப் பொதுவாகக் குறைவுதான். பத்து மடங்கு குறையலாம், ஆயிரம் மடங்கும் குறையலாம். காரணம் சாதாரணம். எலெக்ட்ரான் ஒரு சங்கிலியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித்தான் போகவேண்டும். நடுவே கடத்தாத ஏடு வந்தால் சுற்றிக்கொண்டு போகவேண்டும். சங்கிலிகள் ஒன்றையொன்று தொடும் தொடர்ச்சி அறுந்துபோனால் பாதையே இல்லை. ஆக, தாளில் அச்சானதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. உலர்ந்த களிமண்ணோடு ஒப்பிட்டால் கடத்துதிறன் கூடியதுதான். பாலிமரோடு ஒப்பிட்டால் குறைந்தது. எதோடு ஒப்பிட்டோம் என்பதை மறைத்துவிட்டால் உண்மையே பொய்யாகிவிடும்.

அப்படியானால் எதற்கு இந்தப் பாடு? இங்கேதான் வரலாறு சுவையாகிறது. தென்கொரியாவின் இன்ஹா பல்கலைக்கழகத்தில் இந்தப் பொடியை எண்ணெயில் கலந்து, மின்புலம் கொடுத்தவுடன் கெட்டியாகும் திரவம் செய்தார்கள். அதற்குக் கடத்துதிறன் ரொம்பக் குறைவாகத்தான் இருக்கவேண்டும். அதிகமானால் மின்கசிவு வந்துவிடும். 2001ல் தைவானில் சுங் யுவான் பல்கலைக்கழகக் குழு, பாலிஅனிலினோடு சிறிதளவு களிமண் சேர்த்து இரும்பின் மேல் பூசினால் துரு பிடிப்பது குறைகிறது என்று காட்டியது. காற்றும் ஈரமும் ஏடுகளைச் சுற்றி வளைந்து வளைந்து உள்ளே வருவதற்குள் களைத்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். களிமண் மின்சாரத்தைக் கூட்டவில்லை. ஒழுங்கையும் தடுப்பையும் கொடுத்தது. குறையாகத் தெரிந்ததே சில இடங்களில் பயனாயிற்று.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

முதல் போட நினைக்கும் நம் பிள்ளைகள் விற்கிறவரிடம் நாலு கேள்வி கேட்டால் போதும். ஒன்று, எதோடு ஒப்பிட்டு இந்த எண், மண்ணோடா பாலிமரோடா? இரண்டு, படலத்தில் அளந்ததா, அழுத்திய வில்லையில் அளந்ததா, எந்தத் திசையில்? வில்லையில் ஏடுகள் தாறுமாறாகக் கிடப்பதால் திசை கலந்துவிடும். மூன்று, எவ்வளவு ஈரத்தில் அளந்தது? மழைக்காலத்து எண்ணும் மே மாத எண்ணும் ஒன்றாக இராது. நான்கு, ஓடுவது எலெக்ட்ரானா அயனியா? நேர்மின்சாரத்தை வெகுநேரம் விட்டுப் பார்த்தால் அயனியின் ஓட்டம் தளர்ந்துவிடும், எலெக்ட்ரானின் ஓட்டம் நிற்கும். இந்த நான்குக்கும் தெளிவாகப் பதில் சொல்கிறவரோடு வியாபாரம் பேசலாம்.

கடைசியாக ஒன்று. கட்ச் மண் கப்பலேறிப் போகிறது. அதே மண் சுத்தமாகி, பெயர் மாறி, பல மடங்கு விலையில் சிறு பொட்டலமாகத் திரும்பி வருகிறது. முன்பு நீலத்துக்கும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. இதை மாற்ற இடமில்லாமல் இல்லை. 1948ல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் அடிக்கல் நாட்டி, 1953ல் திறந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் துருத் தடுப்பும் கடத்தும் பாலிமரும் பல வருஷமாக ஆராயப்பட்டுவருகின்றன. இரும்பு மிகுந்த கட்ச் மண் அனிலினிடமிருந்து எவ்வளவு எலெக்ட்ரானைப் பறிக்கும், அந்தப் பச்சை எந்தத் திசையில் எவ்வளவு கடத்தும் என்பதை இங்கே வளர்ந்த நம் பிள்ளைகளில் ஒருவர் அளந்து எழுதவேண்டும். லெத்தபியின் தகட்டிலும் ஹவுசரின் மண்ணிலும் நிறம் எல்லார் கண்ணுக்கும் பட்டது. அளந்து பார்த்தவர் பெயர்தான் நிலைத்தது.